பிடிக்காத படத்துக்கு ஒரு நன்றி

ஐம்பத்திரண்டு வயதில் லாரி புக்கிங் ஆபீசை மகனிடம் விட்டுவிட்டு, சினிமா விமர்சனம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர் ஐசக்துரை. மதுரையில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை. அதன் ஆசிரியர் தில்லைநாயகிதான் குரு. சிஷ்யரைவிடப் பத்து வயது இளையவர்.

முதல் விமர்சனம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். இன்றும் தேறாவிட்டால் அந்தப் பக்கம் வேறு ஆளுக்கு என்று முன்பே சொல்லியாயிற்று.

"தலைவலி, தண்டம், தாங்க முடியலைன்னு எழுதியிருக்கீங்க. படத்துல என்ன இருக்கு அண்ணே?"

"ஒண்ணுமில்ல மேடம்!"

"ரெண்டேகால் மணி நேரமும் ஒண்ணுமே இல்லையா?"

ஐசக்துரைக்குச் சுர்ரென்று ஏறியது. "பிடிச்சா பிடிச்சதும்பேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைம்பேன். இதுக்கு மேல விமர்சனத்துக்கு என்ன வேலை? சொல்லுங்க!"

குரு வாய் திறப்பதற்குள் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு பை கொய்யாப்பழம். பெயர் பூவலிங்கம், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவராம்.

"போன மாசம் ஒரு படத்தப் பத்தி எழுதியிருந்தீங்கம்மா. நன்றி சொல்லிட்டுப் போக வந்தேன்."

எந்தப் படம் என்று சொன்னார். ஐசக்துரை எகிறினார்.

"யோவ், அத மேடம் கிழிச்சுத் தொங்கவிட்டாங்கய்யா!"

"தெரியும் சார். பிடிக்கலைன்னு மொத வரியிலயே போட்டிருந்துச்சு."

"பின்ன?"

"அதுக்குக் கீழயும் எழுதியிருந்துச்சுல்ல? அந்தப் படத்துல வர்ற அம்மா பேசவே மாட்டாங்க, டம்ளர்ல தட்டித்தான் வீட்டுக்காரரக் கூப்பிடுவாங்க, எந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும்னு. என் சம்சாரத்துக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயி ரெண்டு வருஷமாச்சு சார். வாசப்படி தாண்ட மாட்டேன்னு உக்காந்துட்டா. இத வாசிச்சுக் காட்டினேன். திரும்ப வாசிங்கன்னு கையக் காட்டுனா. அப்புறம் அவளே பீரோவத் தொறந்து சேலை எடுத்தா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்துவிட்டது. "மூணு தடவ போயிட்டோம்மா."

"உங்களுக்குப் படம் பிடிச்சுதா?" என்று கேட்டார் தில்லைநாயகி.

"எங்க பிடிச்சுதும்மா! மூணு தடவயும் தூங்கிட்டேன்."

பையை மேசையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஐசக்துரை மேசையிலிருந்த தன் தாள்களை எடுத்துக்கொண்டார்.

"ஆறு மணி வரைக்கும் டைம் குடுங்க மேடம்."

"அஞ்சரை."

"அஞ்சே முக்கால்."

"சரி. அச்சகத்துக்கு நான் சொல்லிக்கிறேன்."

எழுந்தவர் நின்றார். "பிடிக்காத படம். அத எதுக்கு மேடம் அவ்வளவு உன்னிப்பாப் பார்த்து எழுதுனீங்க?"

"யார் வீட்டுல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதே அண்ணே."