மூக்கனுக்கு நட்ட கருங்காலிப் பல்

விளாங்காட்டில் மூக்கன் என்றொரு கரடி இருந்தான். அவனுக்கு முன்பல் நாலும் போய்விட்டன. யாரும் அடித்து உடைக்கவில்லை. தேனைத் தின்றுவிட்டு வாயைக் கழுவாமல் கிடந்ததில் ஈறு அழுகி, பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது.

அந்தக் காட்டில் கோடை வந்தால் விளாம்பழத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. அதன் ஓடோ கல் மாதிரி இருக்கும். பல் இல்லாத கரடி கோடையைத் தாண்டாது. அது மூக்கனுக்கும் தெரியும். அதனால்தான் மரங்கொத்தி கொண்டையம்மாள் இருந்த மரத்தடியில் போய் நின்று அழுதான்.

“எப்படியாவது எனக்குப் பல் கட்டி விடுக்கா!”

“கட்டுற வேலை எனக்குத் தெரியாதுடா. நடத்தான் தெரியும்! தாடை எலும்புல துளை போட்டுக் கருங்காலிக் குச்சியை இறக்குவேன். எலும்பு அதைப் பிடிச்சுக்கணும். வலிக்கும்!”

“உயிரே போனாலும் சரிக்கா!”

“அப்ப நான் சொல்றபடி நடக்கணும். தின்னதும் வேலங்குச்சியால பல்லோட அடியைத் தேய்க்கணும். தேனைக் குறைக்கணும். அந்தப் புகையை விடணும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து வாயைக் காட்டணும். ஏற்கனவே ஈறு கெட்ட வாய் உன் வாய். மறுபடி கெடுறதுக்கு அதுக்கு வழி தெரியும்!”

புகை என்றாளே, அது வேறு கதை. தேனெடுக்க வருகிறவர்கள் மூட்டும் புகைக்குள் மூக்கன் போய் உட்காருவான். தேனீ கொட்டாது என்றுதான் ஆரம்பித்தான். பிறகு புகையை இழுக்காவிட்டால் அவனுக்குக் கை கால் ஓடாது.

“விட்டுட்டேன்க்கா! என் தலைமேல சத்தியம்!” என்றான்.

கொண்டையம்மாள் முதலில் ஈறை ஆற்றினாள். பிறகு பல் நட்டாள். எலும்பு பிடிக்கும்வரை, மழைக்காலம் முழுக்க, மூக்கன் ஓடில்லாத பழங்களை நசுக்கியே விழுங்கினான். கடைசியில் ஒரு நாள் விளாம்பழத்தை வைத்துக் கடித்தான். படார்! காடே திரும்பிப் பார்த்தது. கொண்டையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு பௌர்ணமி ஒழுங்காகப் போனான். அப்புறம் வந்து சேர்ந்தான் மலையணில். மூக்கன் சிந்தும் தேனை நக்கியே உடம்பு வளர்த்தவன் அவன்.

“என்னண்ணே, கருங்காலியில கரையானே ஏறாது! சொத்தையா வரப்போகுது? இதைப் போய்த் தேய்ச்சுக்கிட்டு!”

அணிலுக்கென்ன! அவனுக்குப் பல் தேயத் தேய வளரும். போனால் கரடிக்குத்தானே போகும்.

“அதானே! சொந்தப் பல்லையே நான் தேய்ச்சதில்லை. மரப்பல்லை எதுக்குத் தேய்க்கணும்?” என்று மூக்கன் வேலங்குச்சியைத் தூக்கி எறிந்தான். மறுபடி தேன். மறுபடி புகை. பௌர்ணமிகள் வந்து போயின.

ஒரு நாள் எச்சிலில் ரத்தம் வந்தது.

“வலிக்குதாண்ணே?” என்றான் அணில்.

“இல்லையே!”

“வலிக்காததுக்கு வைத்தியமா? விடுங்கண்ணே!”

வலிக்கவில்லைதான். அதுதான் அந்த நோயின் அயோக்கியத்தனம். சத்தமில்லாமல் உள்ளே தின்றுகொண்டே போகும்.

கொண்டையம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே தேடி வந்தாள். “மூக்கா, வாயைத் திற!”

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். “கல்லு மாதிரி இருக்குக்கா! நீ போயிட்டு வா!”

கோடை வந்தது. மூக்கன் அந்தக் கோடையின் முதல் விளாம்பழத்தைக் கடித்தான். ஓடு உடையவில்லை. பழத்தோடு நாலு பல்லும் கழன்று வந்தன. பல்லில் ஒரு கீறல்கூட இல்லை! அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

“அக்கா, பல்லு நல்லாத்தான் இருக்கு! இதையே திரும்ப நட்டுவிடுக்கா!”

கொண்டையம்மாள் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

“பல்லு நல்லாத்தான் இருக்குடா, பாவி. நடுறதுக்கு எலும்பு எங்கே? ஈறு சீழ் பிடிச்சு, எலும்பெல்லாம் கரைஞ்சு போச்சு. மண்ணே இல்லாத இடத்துல என்னை எதை நடச் சொல்றே?”

பள்ளிக்கூடத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று படித்திருப்பீர்கள். அங்கே ஈறு என்றால் கடைசி எழுத்து. அது கெட்டாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். மூக்கன் பிழைக்கவில்லை. பழுத்து உதிர்ந்த விளாம்பழங்களுக்கு நடுவில், வயிறு ஒட்டி, நாலு கருங்காலிப் பல்லைக் கையில் பிடித்தபடியே செத்துக் கிடந்தான்.

அணில் வந்து பார்த்தான். “ஐயோ பாவம், நல்ல அண்ணன்!” என்றான். பக்கத்தில் கிடந்த ஒரு பழத்தைத் தன் பல்லால் கொறித்துத் தின்றுவிட்டு, தேன் சிந்துகிற வேறொரு கரடியைத் தேடிப் போனான்.

முதல் பல்லைக் கொன்ற பழக்கத்தை விடாதவன், நட்ட பல்லோடு அதை நட்ட இடத்தையும் சேர்த்தே இழப்பான்.