பதில் வரும் வரை

எங்கள் தீக்காயப் பிரிவில் அந்த வருஷம் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு நாற்பத்து நான்கு. குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார். நர்ஸுகள் வாய்க்குள்ளேயே சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மயக்க மருந்து கொடுக்கிறவளுக்கு முகக்கவசம் ஒரு பெரிய சௌகரியம்.

சீடர் டாக்டர் அருமைநாயகம், விபத்து சிகிச்சையில் பேர் வாங்கினவர். லாரியில் அடிபட்ட ஆளைக் கொண்டுவந்து போட்டால், இரத்தம் எங்கிருந்து கொட்டுகிறது என்று நாம் தேடுவதற்குள் அவர் நிறுத்தியிருப்பார். அப்பேர்ப்பட்டவர் இருந்த தலைமைப் பதவியை விட்டுவிட்டு, தீக்காய அறுவைக்கான ஃபெல்லோஷிப்பில் மறுபடி மாணவராக வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, உயிரைக் காப்பாற்றிவிடுகிறேன், அப்புறம் வெந்த தோலைப் பார்த்துத் திருதிருவென்று முழிக்கிறேன் என்றார். வந்த நாளிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

குரு டாக்டர் ஷமீமா. பேச்சு குறைவு.

வெந்த தோலை மெல்லிசு மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து நல்ல தோலை எடுத்து அதன்மேல் பரப்புவதுதான் இங்கே வேலை. குறைவாகச் சீவினால் செத்ததன்மேல் புதுத்தோல் பிடிக்காது. கூடச் சீவினால் உயிரோடு இருப்பதும் போய்விடும். நாயகம் சார் முதல் நாளே கேட்டுவிட்டார்.

"எதுவரைக்கும் சீவணும் மேடம்?"

"பதில் வர்ற வரைக்கும் சார்."

அது தெரியும், உயிருள்ள இடம் வந்ததும் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும், புத்தகத்திலேயே இருக்கிறது என்றார் நாயகம் சார். புத்தகத்துக்கு இரத்தம் வராதே என்று சொல்லிவிட்டு மேடம் கை கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நாயகம் சார் கொஞ்ச நாள் மேடம் பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுத்தார், பார்த்தார், தலையாட்டினார். கத்தி எப்போது நம் கைக்கு வரும் என்று என்னிடம் தினமும் கேட்டார். கல்யாணத்துக்கு நாள் குறித்த மாப்பிள்ளைகூட இப்படிப் பறந்திருக்க மாட்டான்.

அப்போதுதான் தமயந்தி வந்தாள். காது கேளாதோர் பள்ளியில் டீச்சர், அவளுக்கும் காது கேட்காது. வீட்டில் வாணலி எண்ணெய் தீப்பிடித்துவிட்டது. வீடு பற்றிக்கொள்ளக் கூடாதே என்று அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறாள். காற்று எதிரே அடித்ததில் தீ அத்தனையும் புறங்கைகளில் படுத்துவிட்டது.

புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர், பேர் பிச்சைக்கண்ணு. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவளைக் கட்டிக்கொள்வதற்காகவே கைப்பேச்சு கற்றுக்கொண்டவராம். எங்கள் எல்லாரையும் பார்த்து ஒன்றுதான் சொன்னார்.

"அவளுக்கு வாய் அந்தக் கைதான் டாக்டர்."

வலது கையை ஷமீமா எடுத்துக்கொண்டார். இடது கையை நாயகம் சாரிடம் கொடுத்தார். அவள் நன்றாகத் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டேன், கூடவே திரைக்கு மேலே எட்டி எட்டியும் பார்த்துக்கொண்டேன்.

நாயகம் சார் அழகாகச் சீவினார், குறை சொல்ல முடியாது. ஒரு அடுக்கு, அப்புறம் இன்னொன்று. கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளையாக ஈரமாகத் தெரிந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் சடசடவென்று நிறைய. வந்துடுச்சு மேடம் என்று அவர் சொன்ன குரலில் தியேட்டரே நிமிர்ந்தது.

சொல்லி வாய் மூடவில்லை. வலது கை தானாக நீண்டு காட்டரியை எடுத்தது. இரத்தக் குழாயைச் சூடு வைத்து அடைக்கிற பேனா அது. புள்ளி புள்ளியாகச் சுட ஆரம்பித்துவிட்டார். தொட்டில் பழக்கம் என்பார்கள், இது தியேட்டர் பழக்கம். இத்தனை வருஷம் இரத்தத்தைக் கண்ட இடத்தில் அடைத்த கை, இதையும் அடைத்தது. கருகல் வாடை எனக்கு வந்தது.

ஷமீமா தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"கேள்வி கேட்டீங்க. பதில் சொல்லுது. நீங்க வாயைப் பொத்துறீங்களே சார்."

நாயகம் சார் குனிந்து பார்த்தார். அடுப்பில் வெந்தது போதாதென்று அவள் கையை இவர் வேறு சுட்டிருந்தார். கருகின இடத்தில் தோல் பிடிக்காது, பிடிக்காவிட்டால் அந்தக் கட்டைவிரல் விறைத்துப்போகும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கண் கலங்கிவிட்டது, தியேட்டரில் துடைத்துக்கொள்ளவும் முடியாது.

கருகினதை மட்டும் இன்னொரு அடுக்கு சீவச் சொன்னார் ஷமீமா. தான் கை வைக்கவில்லை, நாயகம் சாரையே செய்யச் சொன்னார். அவர் சீவினார். மறுபடி புள்ளிகள் வந்தன. முன்னைவிடக் குறைவு. இரத்தம் கட்டுவதற்கான மருந்தில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார் ஷமீமா. நின்றார். விபத்துப் பிரிவையே ஆட்டிவைத்த மனுஷர், ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றார். அப்புறம்தான் தோலைப் பரப்பினோம்.

கட்டைப் பிரிக்க ஐந்தாம் நாள் ஆகும். நடுவில் திறந்து பார்த்தால் பிடிக்கிறதும் பிய்ந்துவிடும். அதுவரை தமயந்தியின் இரண்டு கையும் பொதிந்து கிடந்தன. புருஷன் கையால் கேட்பார், அவள் கண்ணை மட்டும் உருட்டுவாள். அவர் தப்பாகப் புரிந்துகொள்வார், அவளுக்குக் கோபம் வரும், திட்டவும் முடியாது.

நாயகம் சார் தினமும் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டார். ஷமீமா பார்த்த பார்வையில் போய் உட்கார்ந்துவிட்டார். மிச்ச நேரமெல்லாம் பிச்சைக்கண்ணுவிடம் கைப்பேச்சு படித்தார். வலிக்கிறதா என்று கேட்க எப்படி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க எப்படி.

கட்டுப் பிரிக்கிற அன்று எனக்கு அங்கே வேலையே இல்லை. போய் நின்றேன். வார்டில் பாதிப் பேர் நின்றார்கள்.

வலது கை முழுக்கப் பிடித்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். இடது கைக்கு வந்ததும் நாயகம் சார் முன்னால் வந்தார். உப்பு நீரில் நனைத்து நனைத்துக் கடைசித் துணியை அவரே எடுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே ரோஜா நிறத்தில் தோல் ஒட்டிக் கிடந்தது. மெல்லத் தொட்டார், வெளுத்தது. விரலை எடுத்தார், இரத்தம் ஓடித் திரும்பவும் சிவந்தது.

"பிடிச்சிருக்கு" என்றார்.

விரலை அசைக்கலாம் என்று ஷமீமா ஜாடை காட்டினார். நாயகம் சார் முந்திக்கொண்டு, படித்த வித்தையைக் காட்டி, கையால் என்னமோ கேட்டார். தமயந்தி திகைத்தாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வலிக்கிறதா என்று கேட்பதற்குப் பதில், கல்யாணம் ஆச்சா என்று கேட்டுவிட்டாராம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் இடது கையைத் தூக்கினாள். கட்டைவிரல் விறைப்பாக, மெதுவாக மடங்கியது. மற்ற விரல்கள் பின்னால் வந்தன. வலது கையும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சு, புருஷனைப் பார்த்து, எங்களைப் பார்த்து, தடுமாறித் தடுமாறி வந்துகொண்டே இருந்தது. பிச்சைக்கண்ணு அழுதுகொண்டே தலையாட்டினார், எங்களுக்கு எடுத்துச் சொல்லவும் மறந்துவிட்டார்.

நாயகம் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குருவின் பக்கம் திரும்பி, மேடம், அன்னைக்கு நான் அந்த இடத்துல இன்னும் எவ்வளவு சீவியிருந்தா, என்று ஆரம்பித்தார்.

ஷமீமா அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதில் வந்துக்கிட்டிருக்கு சார். குறுக்கே பேசாதீங்க."