கூட்டுக்குள் ஒட்டிய மின்மினி

ஏரிக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் வரிசையாகத் தொங்கின. அதில் கடைசிக் கூட்டில் விடிந்ததிலிருந்தே சண்டை. கோரை என்கிற தாய்க்குருவிதான் கத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் வரகு, அடுத்தவள் சாமை, கடைக்குட்டி தினை. மூவருக்கும் இறக்கை முளைத்தாயிற்று. பக்கத்துக் கூட்டுப் பிள்ளைகள் ஓலை நுனியில் உட்காருவதும் விழுவதும் எழுவதுமாகப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. இவள் பிள்ளைகளோ கூட்டுக்குள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தன.

சுவரில் ஆளுக்கொரு களிமண் உருண்டை. உருண்டையில் ஒட்டிய மின்மினி. அது மினுக்கும், அணையும், மறுபடி மினுக்கும்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது விடிந்ததும் கிழக்கே பார்த்துப் படைத்தவனுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் யாரும் இரை தேடப் போவார்கள். அன்றைக்கு எல்லாக் கூட்டிலிருந்தும் குரல் எழுந்தது. கோரையின் கூட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கும்பிடவும் மாட்டீங்க, கூப்பிட்டா திரும்பவும் மாட்டீங்க. அந்தப் பூச்சிதான் உங்களைப் பெத்துதா?"

"இதோ வர்றேம்மா," என்றான் வரகு. திரும்பவில்லை.

பூச்சியைக் கூட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் கோரை பேச்சை மாற்றிவிடுவாள். மழைக்காலத்தில் பிள்ளைகள் ஓயாமல் அழுதன. அவளால் கூட்டை விட்டு நகர முடியவில்லை. ஒரு மின்மினியை ஒட்டி வை, பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும் என்று பக்கத்துக் கூட்டுக்காரி சொன்னாள். கோரையின் கணவன் நாணல் ஏரியிலிருந்து களிமண் எடுத்துவந்தான். மின்மினியைப் பிடித்து ஒட்டியது கோரைதான். பிள்ளைகள் உடனே அடங்கின. அவள் நிம்மதியாக வயலுக்குப் போய்வந்தாள். கடவுள் கொடுத்த விளக்கு என்றுகூட நினைத்தாள்.

பிறகு வெளிச்சத்துக்கு எதிரே வைத்து ஊட்டினால்தான் பிள்ளைகள் வாயைத் திறந்தன. வாய்க்குள் போனது புழுவா நெல்லா என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு மின்மினிக்கு மூவரும் அடித்துக்கொள்ளவே, ஆளுக்கு ஒன்றாக மூன்று உருண்டை ஒட்ட வேண்டியதாயிற்று.

மின்மினிகளும் லேசுப்பட்டவை அல்ல. "இது என்ன பிரமாதம், அடுத்த மினுக்கைப் பாருங்க!" என்று ஒவ்வொரு முறையும் ஆசை காட்டும். அடுத்த மினுக்கும் முன்னது போலத்தான் இருக்கும். ஆனாலும் பிள்ளைகள் அதற்கடுத்ததற்குக் காத்திருக்கும்.

கோரை ஒருநாள் ஆத்திரத்தில் மூன்றையும் பிடுங்கி ஓலை இடுக்கில் செருகிவிட்டாள். பிள்ளைகள் கூடே கிழியும்படி அலறின. இரை வேண்டாம் என்று அலகை இறுக மூடிக்கொண்டன. பொழுது சாய்வதற்குள் அவளே எடுத்துவந்து மறுபடி ஒட்டினாள். சாப்பிட்ட பிறகுதான் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். அந்தச் சட்டம் அடுத்த மழை வரைக்கும்கூட நிற்கவில்லை.

இன்றைக்கு நாணலிடமே பாய்ந்தாள். அவன் பக்கத்தில் புதுக்கூடு முடைந்துகொண்டிருந்தான். அந்தக் கூட்டிலும் ஒரு மின்மினி.

"வேலைக்கு நடுவுல ஒரு பேச்சுத் துணை, அவ்வளவுதான்," என்றான் நாணல். "சின்னப் பிள்ளைங்க, விடேன். வளர்ந்தா தானா விட்டுடும்."

"நீயே இன்னும் வளரலையே," என்றாள் கோரை.

சாமை உள்ளேயிருந்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "நீயும்தான் சாயங்காலம் இரை கொடுத்துட்டு எங்க பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறே. அப்ப நாங்க கூப்பிட்டா உனக்கும்தான் கேட்காது."

கோரைக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. எதிர்த்துப் பேசுகிறாயா என்று இன்னும் சத்தமாகக் கத்தினாள். கத்திவிட்டு, கோபத்தோடேயே வயலுக்குப் பறந்தாள். நாணல் நார் கிழிக்க எதிர்க்கரைக்குப் போனான்.

அவள் ஒரு புழுவோடு திரும்பும்போது மரத்தில் ஏதோ ஊர்ந்தது. கொம்பேறி மூக்கன். ஓலையோடு ஓலையாக, மெல்லிய பாம்பு.

கோரை புழுவைத் துப்பிவிட்டு அபாயக் குரல் கொடுத்தாள். பக்கத்துக் கூடுகளிலிருந்து பிள்ளைகள் பொலபொலவென்று வெளியே பாய்ந்தன. கடைசிக் கூட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"வரகு! சாமை! தினை!"

"இதோ வர்றேம்மா," என்று மூன்று குரலும் ஒன்றாக வந்தன.

பாம்பு அவசரப்படவே இல்லை. "நல்லாக் கத்து தாயே," என்றது. "நான் எந்தக் கூடுன்னு தேடி அலையுறதில்லை. உள்ளே எங்கே மினுக்குதோ அங்கேதான் போவேன். அங்கே யாருக்கும் காது கேட்காது."

சொல்லிக்கொண்டே அது கூட்டின் மேல் இறங்கியது. கூட்டின் வாசல் கீழே நீளக் குழாயாகத் தொங்கியது. கோரைக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்றாயிற்று. பாம்பின் தலை வாசலைத் தொடுவதற்குள் அவள் குழாய்க்குள் பாய்ந்தாள். அலகால் குத்தி மூன்று உருண்டைகளையும் பெயர்த்தாள். அவை குழாய் வழியே உருண்டு கரைச் சேற்றில் விழுந்தன.

கூடு இருண்டது. பிள்ளைகள் திரும்பின. ரொம்ப நாளைக்குப் பிறகு அவை அம்மாவின் முகத்தைப் பார்த்தன.

"பாம்பு. குதிங்க."

வரகு குதித்தான். சாமை குதித்தாள். இருவரும் தத்தித் தடுமாறி எதிர் ஓலையைப் பிடித்துக்கொண்டார்கள். தினை மட்டும் வாசல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு இறக்கை அடிக்கத் தெரியாதேம்மா."

உண்மைதான். இந்தப் பிள்ளை ஒருநாளாவது இறக்கையை விரித்து அவள் பார்த்ததில்லை. விரிக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். பக்கத்தில் நின்று விரித்துக் காட்டியதில்லை.

பாம்பின் நாக்கு வாசல் ஓரத்தில் தெரிந்தது. கோரை கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டு தினையைத் தள்ளினாள். தானும் கூடவே விழுந்தாள். தினை கல்லைப் போல நேரே போய்க் கரையோரப் புல்லுக்குள் விழுந்தான். மேலே பாம்பு வெறுங்கூட்டுக்குள் நுழைந்து துழாவிக்கொண்டிருந்தது.

தினைக்கு உயிர் இருந்தது. இடது இறக்கை மட்டும் சரியாக மடங்கவில்லை. அதைப் பார்த்ததும் கோரைக்குக் கண் சிவந்தது. சேற்றில் களிமண் கரைந்து ஒரு மின்மினி வெளியே ஊர்ந்து வந்தது. அவள் அதன்மேல் பாய்ந்தாள்.

"என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே, பாவி. அடுத்த மினுக்கு, அடுத்த மினுக்குன்னு ஆசை காட்டினியே."

"காட்டினேன்," என்றது மின்மினி. "பார்க்க ஆளில்லேன்னா என்னைத் தூக்கிப் போட்டிருப்பீங்க. அதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஆனா உன் கூட்டுக்குள்ளே நானா வரலை தாயே. என் காலைக் களிமண்ணுல அழுத்தினது யாரு?"

கோரை காலையிலிருந்து பிள்ளைகள்மேல் எரிந்தாள், கணவன்மேல் எரிந்தாள், இப்போது பூச்சிமேல். எல்லோரையும் சுற்றிவிட்டு அந்தக் கோபம் கடைசியில் வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவள் மின்மினியைப் போக விட்டாள்.

பாம்பு இறங்கிப் போன பிறகும் அவர்கள் பழைய கூட்டுக்குள் போகவில்லை. நாணல் முடைந்த புதுக்கூட்டுக்குத்தான் போனார்கள். தினையைப் புல்லிலிருந்து தாழ்ந்த ஓலைக்கு ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாணல் பழக்க தோஷத்தில் ஒரு வாய் களிமண்ணோடு வந்தான்.

"அதைத் துப்பிட்டு உள்ளே வா," என்றாள் கோரை. "உன்னோடதையும் பறக்க விடு. நானும் பார்க்க மாட்டேன், நீயும் பார்க்காதே. நாம பார்த்துக்கிட்டே பிள்ளைங்களைப் பார்க்காதேன்னா எது கேட்கும்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். களிமண்ணைத் துப்பிவிட்டுத் தன் மின்மினியையும் பறக்க விட்டான்.

பிள்ளைகள் சும்மா இருந்துவிடவில்லை. பொழுதே போகவில்லை என்று வரகு சிணுங்கினான். சாமை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோரை இந்த முறை பிடுங்கிவிட்டு ஓடிப்போகவில்லை. அழுகையை அழுகையாகவே இருக்க விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். வரகை நாணலோடு நார் கிழிக்க அனுப்பினாள். அவன் கிழித்த நாரெல்லாம் கோணல். நாணல் அதையும் கூட்டில் வைத்து முடைந்தான். சாமை தானே வயல் வரப்புக்குப் போய், முதல் நெல்மணியைக் கொத்திக் கீழே போட்டாள். இறக்கை தேறியதும் தினையோடு கோரை ஓலை நுனியில் நின்று, ஒவ்வொரு இறக்கையாக விரித்துக் காட்டினாள்.

ஒரு விடியற்காலையில் மரம் முழுக்கப் படைத்தவனுக்குக் குரல் கொடுத்தபோது, கோரையின் புதுக்கூட்டிலிருந்தும் ஐந்து குரல் எழுந்தது. அதில் ஒன்று காற்றிலிருந்து வந்தது. தினை எதிர் ஓலைக்குப் பறந்துகொண்டே கூவிக்கொண்டிருந்தான்.

பிள்ளையின் அழுகையை அடக்க நாமே ஏற்றி வைக்கும் வெளிச்சம் ஆபத்தில் நாம் கூப்பிடும் குரலையும் அடக்கிவிடும், ஆகவே பிள்ளையின் கண்ணைத் திருப்ப நினைக்கிறவர்கள் முதலில் தங்கள் கண்ணைத் திருப்ப வேண்டும்.