அர்த்தநாரி சறுக்கிய மலை

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்த திருச்செங்கோட்டு அர்த்தநாரிக்கு ஒரே ஒரு பயம், நாச்சம்மா. மகனுக்கு நிச்சயமான பெண்ணின் அத்தை. பல்லி கத்தியதற்கே ஒரு சம்பந்தத்தை முறித்த மகராசி. நிச்சயம் முடிந்த கையோடு இமாச்சலத்துக்கு டூர் போன மாப்பிள்ளையின் அப்பா, விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்தார் என்றால் விடுவாளா? சகுனத் தடை என்று, மாற்றிய தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

இதோ, பெண்ணின் அப்பாவான அண்ணன் குழந்தைவேலோடு, ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக எதிரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். விழுந்த பேச்சே எழக்கூடாது என்று அர்த்தநாரி முடிவு கட்டினார்.

“உழுகவே இல்லீங்க சம்பந்தி. பேரே வாயில நொழையாத மலைங்க அது. பங்குனி வெயிலு அங்கயும் காயுது. பனியெல்லாம் கொழஞ்ச சோறாட்ட ஆயிப்போச்சு. கால்ல சறுக்குப் பலகையக் கட்டுன டில்லிக்காரன் அத்தன பேரும் நட்ட கல்லாட்ட நிக்கறான்.”

“நீங்க?” என்றார் குழந்தைவேல்.

“அன்னிக்கிச் சனிக்கிழமைங்க. எங்க போனாலும் எண்ணெ தேச்சுக் குளிக்காம இருப்பனா? பையில நல்லெண்ணெ இருந்துச்சு. பலகைக்கு அடியில ஒரு கை தடவுனேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அடிவாரம்.”

“நிறுத்தத் தெரியுமாக்கும்?” என்றாள் நாச்சம்மா.

“எண்ணெ நிக்க உடோணுமுங்களே அம்மிணி. வந்த வேகத்துல எதுத்த மலையில ஏறி, அதுல எறங்கி, அடுத்த மலை. என் நெழலு பின்னாலயே ஓடியாந்து பாத்துது. முடியாம நடுவழியில உக்காந்துக்கிச்சு.”

“பனி முடிஞ்சிருக்குமே?” என்றார் குழந்தைவேல்.

“முடிஞ்சுது. கடுகுக் காட்டுல பூந்தேன். போன சூட்டுல காடு பூராப் பொடபொடன்னு தாளிச்சுப் போச்சு. அப்பறம் தண்டவாளம். முன்னால ஒரு ரயிலு. கொஞ்சம் ஒதுங்குங்கன்னேன்.”

“ரயிலு எப்படீங்க ஒதுங்கும்?”

“அதத்தானுங்க டிரைவரும் சொன்னாரு. இருந்தாலும் உங்களுக்காகன்னு ஒதுங்கிட்டாரு. ஈரோடு வர்றதுக்கு முன்னாலயே நம்ம மலை தெரிஞ்சுது. படியேறிச் சாமி கும்பிட்டு, எறங்கி, வூட்டு வாசல்ல வந்து நின்னேன். ஒரு எடத்துலகூட உழுகல.”

“அப்ப காலு எப்படி ஒடஞ்சுது?” என்றாள் நாச்சம்மா.

அர்த்தநாரி இதை யோசித்திருக்கவில்லை. ஜூஸ் டம்ளரோடு வந்த மனைவி மயிலாத்தாவைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார்.

“மலைப் பக்கமே போகலீங்க,” என்றாள் மயிலாத்தா. “ஓட்டல் பாத்ரூம்ல எண்ணெ தேச்சுட்டு நின்னவரு வழுக்கி உழுந்துட்டாரு.”

போச்சு, கல்யாணம் போச்சு என்று அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார்.

“பாத்ரூம்லயா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றாள் நாச்சம்மா. “மலையில ஏறி எறங்குனாருன்னதும் எனக்குப் பக்குனு ஆயிப்போச்சு. மலைன்னா சாமி இருக்கற எடம், அங்க அடிபட்டா யோசிக்கோணும். பாத்ரூம்ல உழுகறதெல்லாம் சகுனத்துல சேராது. எங்க வூட்டுல உழுகாத ஆளே இல்ல. குறிச்ச தேதியிலயே வெச்சுக்கலாம்.”

மயிலாத்தாவுக்கு மூச்சு வந்தது. குழந்தைவேல் ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அர்த்தநாரியின் முகம் மட்டும் சுண்டிக் கிடந்தது. பாதி ஜூஸ் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

“பாத்ரூம்னா நம்மூரு பாத்ரூம்னு நெனச்சுக்காதீங்க சம்பந்தி,” என்றார். “இந்தக் கோடியில சோப்புப் போட்டா, அந்தக் கோடிக்குப் போயித் தண்ணி ஊத்திக்கறதுக்குப் பஸ்ஸு ஏறோணும்.”