தேரி மணியும் ஆவுடை காதும்

ஒரு ஊர்ல ஒரு ராசா. அவருக்கு வயிறு ஒரு ஊர்ல, காது ஒரு ஊர்ல. சிரிக்காதட்டி கோமு, நெசமாத்தான். காலைல இருந்து போனைப் பாத்துட்டு, லண்டன்ல இத்தாம்பெரிய கடிகாரக் கோபுரம் இருக்கு, இத்தாலில ஒரு மணிக்கோபுரம் சாஞ்சுக்கிட்டே நிக்குன்னு என் உயிரை வாங்கினல்லா? இப்போ அத்தை சொல்லுதேன் கேளு, நம்ம பக்கத்து மணிக்கோபுரத்துக் கதை. காலை நீட்டிப் படு. ம் கொட்டணும். கொட்டலைன்னா பாதில நிறுத்திட்டு நான் தூங்கிருவேன், எனக்கென்ன.

- ம்.

அந்த ராசாவுக்கு அரண்மனை இங்கன இருக்கு. அவரு கும்புடுற சாமிக்குக் கோயிலு அங்கன, கடக்கரைல இருக்கு. நடந்தா காலு தேஞ்சு போற தூரம். ராசா ஒரு நாள் சாமிகிட்ட வாக்குக் குடுத்துட்டாரு, "உனக்கு உச்சிப் பூசை முடியாம என் வாயில ஒரு பருக்கை சோறு போகாது"ன்னு. வாக்கு குடுத்தாச்சு. அப்புறம் அங்க பூசை முடிஞ்சுதா இல்லியான்னு இங்க எப்படித் தெரியும்? அப்போ போனா இருந்துச்சு? அதனால கோயில்ல இருந்து அரண்மனை வாசல் வரைக்கும் வழி நெடுக மணிக்கோபுரமா கட்டிப்புட்டாரு. ஒரு கோபுரத்து மணி அடுத்த கோபுரத்துக்குக் கேக்கும். கோயில்ல உச்சிப் பூசை தீவாரனை முடிஞ்சதும் டாண். மொதக் கோபுரத்துக்காரன் அதைக் கேட்டு டாண். அதுக்கடுத்தவன் டாண். டாண் டாண்னு சத்தம் ஓடி வந்து அரண்மனைல விழும். அப்போதான் ராசா எலைல கை வைப்பாரு.

- ம்.

ராசா பட்டினியா இருக்கப்போ ஊரு சாப்பிடலாமா? வழில உள்ள ஊரு பூராவும் சோத்தை வடிச்சு வச்சிட்டு, நாக்குல எச்சி ஊற உக்காந்திருக்கும். மணி கேட்டுச்சோ, எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல எலை விரிக்க சத்தம் சலசலன்னு கேக்கும். அந்த நாட்டுல மணிக்கு ஒரே அர்த்தந்தான். சாப்பிடு. வேற ஒரு அர்த்தமும் கெடையாது. இதை மனசுல வச்சுக்கோ, பின்னால வேணும்.

மணி அடிக்கவங்களுக்கு ராசா கட்டளை ஒண்ணு உண்டு. முந்தின கோபுரத்துல இருந்து சேதி வராம கயித்தை இழுக்கக் கூடாது. உச்சி வேளைல கோபுரத்தை விட்டு எறங்கவும் கூடாது. மீறினா தலை போயிரும்.

- யாரு தலை?

யாரு மீறுதாங்களோ அவங்க தலைதான். உன் தலை இல்ல, பயப்படாத.

அந்த வரிசைல குளத்தாங்கரைக் கோபுரம்னு ஒண்ணு. அங்க மணி அடிக்கது ஆவுடைன்னு ஒரு பொண்ணு. அவ அப்பன் அடிச்ச மணி அது. அப்பன் செத்ததும் நாட்டாமை வந்து, "பொம்பளை கையில கயித்தைக் குடுக்க முடியாது"ன்னாரு. "எங்கப்பன் பாயில படுத்ததுல இருந்து யாரு அடிச்சான்னு நெனச்சீரு? உமக்கு ஒரு நாளாவது சோறு பிந்துச்சா?"ன்னு கேட்டா. நாட்டாமை கயித்தை அவ கைலயே விட்டுட்டுப் போயிட்டாரு.

அவளுக்கு முந்தின கோபுரம் தேரிக்காட்டுல இருக்கு. தேரி தெரியும்லா? செக்கச்செவேல்னு மணலு, மேடு மேடா. இன்னிக்கு இங்க நிக்க மேடு நாளைக்கு அங்க போயி உக்காந்திருக்கும். அந்தக் கோபுரத்துக்காரன் பேரு மாகாளி. ஆவுடை அவன் மூஞ்சியைப் பாத்ததே கெடையாது. ஆனா தெனமும் அவன் மணியைக் கேப்பா. எல்லாரும் மூணு தட்டு ஒரே சீரா அடிப்பாங்க. மாகாளி மட்டும் டாண், டாண்... கொஞ்சம் நின்னு... டாண். அந்த மூணாந்தட்டுக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு நின்னு நின்னே அவளுக்கு அவன் மேல ஆசை வந்துட்டு. அப்புறம் என்ன, கல்யாணம்.

கல்யாணம் ஆன பெறவு ஒரு நாள் கேட்டா, "அது என்ன, மூணாவதுக்கு முன்னால ஒரு இழுப்பு?" மாகாளிக்கு வெக்கம் வந்துட்டு. "ரெண்டு தட்டு சாமிக்கு. அந்தப் பக்கம் கயித்தைப் பிடிச்சிருக்கது ஒரு பொண்ணுன்னு கேள்விப்பட்ட நாள்ல இருந்து, மூணாந்தட்டு உனக்கு. கேட்டியான்னு ஒரு தடவை நெனச்சிட்டு அடிப்பேன்"ன்னான். எப்படி இருக்கு பாத்தியா ஆளு!

- ம்.

அப்போ ஒரு ஆடி மாசம். காத்துன்னா காத்து, ஹோன்னு ஊளையிடுது. காலைல ஆவுடை சொன்னா, "இன்னிக்குத் தேரிக்குப் போகாதேயும். மண்ணு பறக்க பறப்பு சரியில்ல." மாகாளி, "நான் போகலைன்னா நாடே பட்டினில்லா கெடக்கும்"னுட்டு, தலைல துண்டைச் சுத்திக்கிட்டுப் போயிட்டான்.

உச்சி வேளை. இவ கோபுரத்து மேல நிக்கா. நிழலு காலுக்குக் கீழ வந்துட்டு. தேரிப் பக்கம் பாத்தா ஒரே செம்மண் புகை. மாகாளி கோபுரம் தெரியல. அது பக்கத்துல நிக்க ஒத்தப்பனையோட தலை மட்டும் தெரியுது. மணியைக் காணோம். கொஞ்ச நேரம் ஆச்சு. காணோம். கயித்தைக் கைல பிடிச்சுக்கிட்டே நிக்கா.

அப்போ, டங்.

"வந்துட்டு!"ன்னு கயித்தை இழுக்கப் போனா. டங் டங்டங்... டக்... டங். கை அப்படியே நின்னு போச்சு. சாமிக்கு ரெண்டும் இல்ல, அவளுக்கு ஒண்ணும் இல்ல. தகர டப்பாவை நாய் இழுத்துட்டுப் போன மாதிரி ஒரு சத்தம். "ஐயோ, இது அவிய கை இல்ல. மணி கெடந்து காத்துல ஆடுது. அப்போ கீழ கயித்தைப் பிடிச்ச ஆளு எங்க?" தேரிக் கோபுரம் குட்டைக் கோபுரம், கீழ நின்னுதான் கயித்தை இழுக்கணும். மணலு வாசலை அடைச்சிருந்தா ஆளு உள்ளதான் கெடக்கணும்.

விழுந்தடிச்சு ஓடப்போனா. ஒரு காலு படில. தலை போறதைப் பத்தி அவ நெனைக்கவே இல்ல கேட்டியா. அவ நெனச்சது வேற. நான் ஒருத்தி போயி ரெண்டு கையால தேரியை அள்ளவா? நூறு கை வேணுமே. மணியை அடிச்சு ஊரைக் கூப்புடலாம்னா, அடிச்சா என்ன ஆகும்? நான் முன்னாலயே சொன்னேன்லா, மணிக்கு என்ன அர்த்தம்?

- சாப்பிடு.

ஆங்! அடிச்சா எல்லாவனும் எலை முன்னால சம்மணம் போட்டு உக்காந்துருவான். ஒருத்தன் வரமாட்டான். அடிக்கலைன்னா? பசி வரும். பசி வந்தா கோவம் வரும். கோவம் வந்தா எல்லாரும் தேடிக்கிட்டு வர்ற இடம் இந்தக் கோபுரந்தான். ஆவுடை படில வச்ச காலை எடுத்தா. கயித்துப் பக்கத்துலயே உக்காந்து, ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சு அமுக்கிக்கிட்டா. அங்க அவன் மூச்சு முட்டிக் கெடக்கான், இங்க இவ சும்மா உக்காந்திருக்கணும். அதைவிட ஒரு கொடுமை உண்டா, சொல்லு?

மொதல்ல ஊரு வந்துச்சு. நாட்டாமை முன்னால, அகப்பையும் கையுமா பொம்பளைங்க பின்னால. "ஏட்டி ஆவுடை! மணிதான் கேக்குதே, அடிச்சா என்ன? புள்ளைங்க சுருண்டு கெடக்கு!"

"அது அவிய கை இல்ல. மணலு மூடிட்டு. எல்லாரும் வாங்க, தோண்டுவோம்."

"மணி கேக்குதுன்னும் சொல்லுதா, ஆளு இல்லன்னும் சொல்லுதா! ஆளு இல்லாம மணி எப்படிட்டி கேக்கும்? உச்சி வெயில்ல தேரில காலை வச்சா வெந்துராதா? கிறுக்கு முத்திட்டு இவளுக்கு." ஒருத்தரும் அசையல. கீழயே நின்னு ஏசுதாங்க. தேரில இருந்து மறுபடியும் டங், டக், டங்.

அப்புறம் டக்கடி டக்கடின்னு அரண்மனைக் குதிரைக்காரன் வந்தான். தடதடன்னு மேல ஏறி வாளை உருவிட்டான். "அங்க ராசாவுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அடி! இல்ல, நான் அடிக்கேன்." ஆவுடை கயித்தை எடுத்து இடுப்பைச் சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டா. "வெட்டுறதா இருந்தா கயித்தோட சேத்து வெட்டு. பெறவு எதைப் பிடிச்சு மணி அடிப்பன்னு பாக்கேன்." கயிறு போனா ராசாவுக்குச் சோறு போச்சே! பல்லைக் கடிச்சுக்கிட்டு எறங்கிட்டான்.

- ராசா வந்தாரா?

வராம? பசியில்லா! பல்லக்குல ஏறி, ஒவ்வொரு கோபுரமா நிறுத்தி, "ஏன்டா அடிக்கல?"ன்னு கேட்டுக்கிட்டே வாராரு. "எனக்கு வரல மகாராசா, முந்தின கோபுரத்தைக் கேளுங்க"ன்னு ஒவ்வொருத்தனும் கையைக் காட்டுதான். காட்டிக் காட்டி இவ கிட்ட வந்தாச்சு. ஒதடு காஞ்சு போயி, மூஞ்சி கறுத்துப் போயி நிக்காரு.

"என் காதுல மணி கேக்குது. உனக்குக் கேக்கலியா? கயிறா, தலையா? எதைக் குடுப்ப?"

"தலையை எடுத்துக்கோங்க மகாராசா. ஆனா மொதல்ல என் வீட்டு ஆளைத் தோண்டி எடுங்க. அது பூசைச் சேதி இல்ல, காத்து. இதைக் கேட்டு நீங்க சாப்பிட்டா, சாமிக்கு முன்னால சாப்பிட்டவரு ஆயிருவீங்க."

ராசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "காத்துதான்னு எப்படிச் சொல்லுத?"

எப்படிச் சொல்ல? அவ காதுக்குத் தெரியும், அடுத்தவனுக்கு எப்படிக் காட்ட? தவிச்சுப் போயி தேரியப் பாத்தா. அவ்வளவு நேரமும் காதை மட்டும் வச்சுக்கிட்டு இருந்தவ, அப்போதான் கண்ணைத் தொறந்து பாக்கா. "மகாராசா! அந்த ஒத்தப்பனையைப் பாருங்க!"

எல்லாரும் பாத்தாங்க. பனை வளைஞ்சுது. டங், டக், டங். பனை நிமிந்துது. சத்தத்தைக் காணோம். ராசா கையைத் தூக்கி, "எவனும் பேசக் கூடாது"ன்னாரு. மறுபடி வளைஞ்சுது, டங். நிமிந்துது, கப்சிப். மூணாவது தடவை பனை வளையுறப்பவே நாட்டாமை தலைல கையை வச்சிட்டாரு. "யாத்தே, மாகாளி!"

அப்போ ஓடுனாங்க பாரு! ராசா பல்லக்கைத் தூரப் போட்டுட்டு ஓடுதாரு. குதிரைக்காரன் கேடயத்தோட, பொம்பளைங்க அகப்பையோட, ஓலைப்பெட்டியோட. காலு வேகுதுன்னு ஒருத்தரும் சொல்லல. ராசா திரும்பிப் பாத்து, "நீ வரலியா?"ன்னு கேட்டாரு.

"இல்ல மகாராசா. அவிய உசிரோட இருந்தா மொதல்ல கயித்தைத்தான் பிடிப்பாவ. கேக்க நான் இங்க இருக்கணும்."

உசிரோட இல்லன்னா என்ன செய்வன்னு ராசா கேக்கல. போயிட்டாரு.

அப்புறம் ஆவுடை ஒத்தையில. புகைக்குள்ள ஒண்ணும் தெரியல. பனையைப் பாக்கா, காதைக் குடுக்கா, பனையைப் பாக்கா. கோமு, முழிச்சிருக்கியா?

- ம்... சொல்லு அத்தை.

பனை வளைஞ்சுது, டங். காத்து. கொஞ்ச நேரம் கழிச்சு கடமுடான்னு ஒரு சத்தம். பனை நேராத்தான் நிக்கு. அப்போ ஆளுங்கதான், மண்ணைத் தள்ளிக்கிட்டு மணிகிட்ட போயிட்டாங்க. அப்புறம் டாண். டாண். டாண்.

மூணும் ஒரே சீரா.

ஆவுடை அப்படியே உக்காந்துட்டா. மூணும் ஒரே சீரா அடிச்சா அது அடுத்தவன் கை. அவன் கயித்தை அடுத்தவன் பிடிச்சிருக்கான்னா, அவன்... சுவத்துல தலையை முட்டிக்கிட்டு, "சாமி, உனக்காகத்தானே தெனமும் ரெண்டு தட்டு அடிச்சாவ, எனக்கு ஒண்ணுதானே, அந்த ஒண்ணைக் குடுத்துரு"ன்னு அழுதா. இடுப்புல கட்டின கயிறு அப்படியே இருக்கு. அவ இழுக்கல.

சத்தமே இல்ல. காத்து கூட நின்னுட்டு. பனை அசையல.

டாண்.

டாண்.

...

...

டாண்.

- அவன்தான்!

அவனேதான்! சரிஞ்சு விழுந்த வாசல் விட்டத்துக்குக் கீழ காலு மாட்டி, கழுத்து வரைக்கும் மண்ணுல கெடந்திருக்கான். கோயிலு மணி வந்தது கேட்டிருக்கு, கயிறுதான் கைக்கு எட்டல. தோண்டி எடுத்ததும் நாட்டாமை சந்தோசத்துல கயித்தைப் புடிச்சு இழுத்திருக்காரு, மண்டைல ஒண்ணும் கெடையாது அந்த மனுசனுக்கு! மாகாளி வாயில இருந்த மண்ணைத் துப்பிட்டு, "அதை இங்க குடும்"னு வாங்கி அடிச்சிருக்கான்.

ஆவுடை எந்திச்சு, இடுப்புக் கயித்தோட அப்படியே உக்காந்து உக்காந்து இழுத்தா. டாண்! டாண்! டாண்! அடுத்த கோபுரம் டாண், அதுக்கடுத்தது டாண், அரண்மனை வரைக்கும் ஓடிட்டு. ராசா எங்க சாப்பிட்டாரு தெரியுமா? தேரி மணல்ல உக்காந்து, யாரோ ஒருத்தி வீட்டுல இருந்து கொண்டாந்து அகப்பைல போட்ட ஆறிப்போன சோத்தை. மண்ணு நறநறங்குது. இன்னொரு அகப்பை போடுன்னாரு. தலையை எடுக்கேன்னு சொன்ன பேச்சை அப்புறம் அவரு எடுக்கவே இல்ல.

சாயங்காலம் மாகாளியை ராசா பல்லக்குலயே வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. காலுல பச்சிலைப் பத்து போட்டுக் கட்டியிருக்கு. ஆவுடை ஓடி வந்தா. கட்டிப்பிடிப்பான்னு எல்லாரும் பாத்தா, "போகாதேயும், போகாதேயும்னு சொன்னேன்லா! என் பேச்சு உமக்கு ஏறுமா?"ன்னு ஏசுதா, ஏசிக்கிட்டே அழுதா. மாகாளிக்குத் தொண்டை பூரா மண்ணு. மெல்லமாத்தான் பேச்சு வருது.

"கேட்டியா?"ன்னான்.

"கேட்டேன்"ன்னா.

அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வட்டில்ல சோறு தின்னாங்க. நீ திரும்பிப் படு, அத்தை முதுகுல தட்டுதேன். டொக். டொக்... டொக். கேட்டியா கோமு? ம் வரல. சரி, மணி அடிச்சாச்சு, நாடு சாப்பிட்டாச்சு, கதை மண்ணைத் தட்டிட்டு வீடு வந்து சேந்தாச்சு. தூங்குட்டி.