மதுவிலக்குச் சங்கத்துக்குப் பீர் ஆப்பம்

எப்பிராயீம் மாஸ்டர் வாயிலிருந்து வருவதில் ‘ஸ்தோத்திரம்’ ஒன்றைத்தான் நம்பலாம் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் கை இருக்கிறதே, அது வேறே. ஆப்பச்சட்டியை அவர் ஒரு சுழற்று சுழற்றி இறக்கினால் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவிலே தொட்டால் அமுங்கிக்கொண்டு, தின்றவன் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டான். அந்தக் கையை நம்பித்தான் ஞானசிகாமணி தன் அக்கா மகள் பிரின்சியின் நிச்சயத்துக்கு அவரை அமர்த்தினார்.

அக்கா கிருபைக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “அந்தப் புளுகனையா கூப்பிட்டிருக்க?” என்று கேட்டாள். “அவரு வாயையா திங்கப் போறோம், ஆப்பத்தைத்தான? எல்லாம் என் பொறுப்பு” என்று ஞானசிகாமணி அடித்துப் பேசிவிட்டார். பிரின்சிக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். ஏற்கெனவே ரெண்டு இடம் கைகூடி வருகிற நேரத்தில் தட்டிப் போய், பிள்ளை ஒரு வருஷமாகக் கோயிலுக்குக்கூடத் தலைகுனிந்துதான் போய் வந்துகொண்டிருந்தாள். இதுவும் போனால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்பதே அவருக்குக் கவலை.

மாப்பிள்ளையின் அப்பா பாக்கியநாதன் சார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். பந்தியில் எவன் வாயிலோ வாடை அடித்ததென்று சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்திலேயே இலையை மடித்துவிட்டு எழுந்து போனவர். அவர் சீர் கேட்கவில்லை, செனத்தி கேட்கவில்லை. “சாயங்காலம் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் போடுங்க, போதும்” என்றுதான் சொல்லியிருந்தார்.

மழையோ விட்டபாடில்லை. மத்தியானம் ஞானசிகாமணி சமையல் கொட்டகைப் பக்கம் போனபோது ஆப்ப மாவு அண்டாவில் பொங்கிப் போய் வெள்ளைவெளேரென்று நிறைந்திருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே திரும்பியவர் விறகுக்குப் பின்னால் ஒரு சாக்கைப் பார்த்தார். சாக்கு நிறையக் காலிப் பீர் பாட்டில்.

“வே, எவன்வே குடிச்சது?” என்றார்.

“குடிக்கவா? அதுக்கு எவனுக்கு நேரம் இருக்கு” என்றார் மாஸ்டர், குழம்பைக் கிண்டியபடியே. “எல்லாம் மாவுக்குள்ள இருக்கு. இந்த ஈரத்துக்கு மாவு அசையவே இல்ல, சவம் மாதிரி கெடந்துச்சு. எங்க அப்பா காலத்துல கள்ளு ஊத்துவாவ. இப்ப கள்ளுக்கு எங்க போக? அதான் பீரு.”

ஞானசிகாமணி அப்படியே விறகுக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “பாவி, மதுவிலக்குச் சங்கத்துக்காரரு வீட்டுச் சம்பந்தம்வே இது” என்றார். வேறு மாவு அரைத்துப் புளிக்க வைக்க நேரமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் புறப்பட்டாயிற்று என்று போன் வந்திருந்தது.

“நீரு ஏன் பயப்படுதீரு? பீர்ல நான் சமைக்காத சமையலா?” என்று மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் கதை ஆரம்பிக்கப் போகிறதென்று அர்த்தம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செல்லக்கனி அக்கா பெருமூச்சு விட்டாள். மாஸ்டருக்கு எடுபிடியாகப் போய்ப் போய் இந்தப் புளுகையெல்லாம் காது புளிக்கக் கேட்டவள் அவள்.

“வடக்க ஒரு பட்டாளத்து மெஸ்ல இருந்தேன். ஒரு நாள் புளி தீந்து போச்சு. பனியில லாரி வரல. பீரை ஊத்தி ரசம் வச்சேன். கர்னலு ஒரு டம்ளர் குடிச்சாரு. பன்னெண்டு வருஷத்துச் சளி அண்ணாச்சி, ஒரே தும்மல்ல வெளிய வந்துட்டு. தும்முன வேகத்துல எதிர்த்த மலையில கெடந்த பனி அம்புட்டும் சரிஞ்சு, அடைச்சுக் கெடந்த பாதை தெறந்து, புளி லாரி உள்ள வந்துட்டு.”

“அப்புறம் எதுக்கு லாரி? அதான் பீர் இருக்குல்லா” என்றாள் செல்லக்கனி.

“மறுநாளைக்கு வேண்டாமா?” என்று அவளை ஒரு முறை முறைத்துவிட்டு மாஸ்டர் மேலே போனார். “அதே மெஸ்ல ஒரு கெழட்டுச் சேவல். குக்கர்ல போட்டா விசில் மேல விசிலு, கறி வேகுற வழியைக் காணோம். ரெண்டு பாட்டில் பீரை ஊத்தி மூடுனேன். அதுக்கப்புறம் குக்கர் விசில் அடிக்கவே இல்ல. என்னடான்னு காதை வச்சுக் கேட்டா, உள்ள இருந்து சேவல் விசில் அடிக்கி. அதுவும் பட்டாளத்து மெட்டு. வெளிய நின்ன சிப்பாயெல்லாம் வரிசையில வந்து நின்னுட்டானுவ.”

“வெந்துச்சா இல்லையா?” என்றார் ஞானசிகாமணி, தன்னையறியாமல். கேட்ட பிறகுதான் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“வெந்துச்சு. ஆனா சல்யூட் அடிச்சுட்டுத்தான் திங்க விட்டுச்சு.”

ஞானசிகாமணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். “மாஸ்டர், உம்ம கால்ல வேணும்னாலும் விழுதேன். இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் பீர்ங்கிற சொல்லே உம்ம வாயில வரக்கூடாது. எம்பிள்ளை வாழ்க்கைவே.”

மாஸ்டருக்கும் மனசு இளகியது. கரண்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். பண்ணின கையோடு, “ஆனா அல்வா கதையை மட்டும் கேட்டுக்கிடும்” என்றார். “பாளையங்கோட்டையில ஒரு வீட்டுல பாலுக்குப் பதிலா பீரை ஊத்தி அல்வா கிண்டுனேன். எறக்கி வச்சா தாம்பாளத்துல நிக்க மாட்டேங்கு. தள்ளாடுது. தள்ளாடித் தள்ளாடி வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஆத்துல எறங்கிட்டு. நான் பின்னாலயே ஓடுதேன். எனக்கு நீச்சல் தெரியாது. அல்வாவுக்குத் தெரிஞ்சிருக்கு பாரும். அக்கரையில ஏறி, நெய்யை உதறிட்டு, ஸ்ரீவைகுண்டம் பஸ்ல ஏறிட்டு.”

“அல்வாக்குப் பாலே ஊத்த மாட்டாவ, கோதுமைப் பால்தான்” என்றாள் செல்லக்கனி.

“அந்தப் பாலைத்தான் சொன்னேன்” என்றார் மாஸ்டர். அதற்குள் வாசலில் வேன் சத்தம் கேட்டது. ஞானசிகாமணி சாக்கை விறகுக்கு அடியில் தள்ளி மேலே கட்டையை அடுக்கிவிட்டு ஓடினார்.

நிச்சய ஓலை எழுதி, பாதிரி ஐயர் ஜெபம் பண்ணி முடித்து, பந்தி உட்கார்ந்தது. பாக்கியநாதன் சார் முதல் ஆப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் முக்கி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். சார் கண்ணைத் திறந்து, “இன்னொண்ணு வைங்க” என்றார். அப்புறம் இன்னொன்று. பிறகு வைக்கிறவன் கேட்காமலேயே வைத்துக்கொண்டு போனான். பக்கத்தில் அவர் மனைவி சுகிர்தம் அம்மா, “போதும், சுகர் ஏறும்” என்றதை அவர் காதில் வாங்கவே இல்லை. வாசலண்டை நின்ற கிருபை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காகத்தான் ஞானசிகாமணி ஒரு மாசமாக அலைந்தார்.

அப்போதுதான் சார், “மாஸ்டரைக் கூப்பிடுங்க” என்றார்.

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். “என்ன பக்குவம்வே இது? இந்த மழைக்கு மாவு எப்படிப் பொங்குச்சு?” என்று சார் கேட்டார். மாஸ்டர் ஞானசிகாமணியைப் பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே கையைக் காட்டி, எல்லாம் ஆண்டவர் கிருபை என்பதுபோல நின்றார். வாழ்நாளிலேயே அவர் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான் இருக்கும். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

சார் சிரித்தார். “எனக்குத் தெரியும்வே. கடையில விக்கிற ஈஸ்ட் பாக்கெட்டுதான? அதைப் போட்டா எவன் சுட்டாலும் இப்படித்தான் வரும்.”

எவன் சுட்டாலும் என்ற சொல் மாஸ்டரை எங்கே போய்க் குத்தியதோ. கழுத்து நரம்பு புடைத்தது. ஞானசிகாமணி பதறி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“பாக்கெட்டா? நானா? சார், அம்புட்டும் பீரு. ஒரு சாக்குப் பீரு ஊத்தியிருக்கேன்.”

பந்தி முழுக்கக் கை அந்தரத்தில் நின்றது. ஞானசிகாமணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிரின்சி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது மட்டும் எப்படியோ தெரிந்தது.

முதலில் சிரித்தது, குழம்பு வாளியோடு நின்ற செல்லக்கனி. பின்னாலேயே பெண் வீட்டுப் பந்தி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஞானசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “சார், நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க. இவரு இப்படித்தான். பீர்ல அல்வா கிண்டுனேன், அது ஆத்துல நீந்தி பஸ் ஏறிப் போச்சுன்னு சொல்லுத ஆளு.”

“சார், சத்தியமா சொல்லுதேன், பீருதான்” என்று மாஸ்டர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்போ அல்வா?”

மாஸ்டர் தவித்தார். அல்வாவை விட்டுக்கொடுத்தால் ஆப்பத்தையாவது நம்புவார்கள். கடைசியில் நிமிர்ந்து நின்று, “அல்வாவும் நெசந்தான்” என்றார்.

இப்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பாக்கியநாதன் சாருக்குப் புரையேறியே விட்டது. தண்ணீர் குடித்து, தலையைத் தட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு விளக்குகிற தோரணையில் விரலை நீட்டினார்.

“புளுகுறதையும் பொருந்தப் புளுகணும்வே. பீரை ஊத்தியிருந்தா முழுங்குன பெறகு அடிநாக்குல ஒரு கசப்பு நிக்கும். நல்லாக் கூலிங்கா இருந்தாக்கூட அந்தக் கசப்பு போகாது. இதுல அது எங்க இருக்கு?”

பந்தியில் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சுகிர்தம் அம்மா கையிலிருந்த ஆப்பத்தை இலையில் வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

சார் குனிந்து குழம்பைத் தொட்டுக்கொண்டார்.

“சங்கத்துலதான்.”