மடியில் இருந்த கம்பி

கடலாழிச் சமஸ்தானத்து மன்னர் பூவராகருக்கு ரேடியோ என்றால் உயிர். அவருடைய மோட்டார் படகு ஒன்று பதினேழு மீனவர்களோடு கடலில் பழுதாகி நின்றுவிட்டது. படகில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. ஆனால் அதன் திருகு உடைந்து, ஒவ்வொரு முறையும் வேறொரு அலைவரிசையில் பேசிற்று. குரலும் மெலிந்துவிட்டது. புயல் வேறு வருகிறது என்றார்கள்.

மன்னர் சபையைக் கூட்டினார். "எந்த அலைவரிசையில் பேசினாலும் பிடிக்க வேண்டும். கொசு முனகுகிற அளவு குரலானாலும் கேட்க வேண்டும். இரைச்சல் கூடாது. நாளை மதியத்துக்குள் அப்படியொரு ரேடியோப் பெட்டி வேண்டும்!"

ஆஸ்தான இயந்திர நிபுணர் சூலபாணி எழுந்தார். சீமைக்குப் போய் வந்தவர். அதை நாளைக்கு நான்கு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"குரலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், வால்வு, பன்னிரண்டு போடுகிறேன், மகாராஜா. கடலே கத்தும்!"

ரேடியோ பழுது பார்க்கும் பிச்சாண்டியும் கையைத் தூக்கினார். "எனக்கு இரண்டு வால்வு போதும்."

சபை கைகொட்டிச் சிரித்தது.

மறுநாள் பீரோ அளவுக்குச் சூலபாணியின் பெட்டி வந்து இறங்கியது. போட்டதும் 'ஓ'வென்று அலறியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. மந்திரிகள், "ஆகா! என்ன கம்பீரம்!" என்றார்கள்.

"என்ன சொல்கிறது?" என்று கத்தினார் மன்னர்.

"படகின் எஞ்சின் சத்தம், மகாராஜா! ஓடத் தொடங்கிவிட்டது. வடக்கே போகிறார்கள்!"

பெட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த பிச்சாண்டி பணிவாகக் கேட்டார். "வடக்கேதானா, ஐயா?"

"சீமையில் படித்தவன் சொல்கிறேன். உமக்கென்ன சந்தேகம்?"

மன்னர் மீட்புப் படகுகளை வடக்கே அனுப்பக் கை உயர்த்தினார். பிச்சாண்டி சட்டென்று எழுந்து ஒரு கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

"மகாராஜா, வெளியிலிருந்து அலையைப் பிடிக்கிற ஏரியல் இதுதான். பெட்டி நிஜமாகவே கேட்கிறதா என்று பார்க்க, போடும் முன்பே இதைக் கழற்றிவிட்டேன். இவ்வளவு நேரமும் என் மடியில்தான் இருக்கிறது. ஐயாவின் பெட்டி வெளியிலிருந்து எதையும் கேட்கவே இல்லை. தன் இரைச்சலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தது."

சூலபாணியின் முகம் வெளிறியது. பெட்டி மட்டும் வெட்கமில்லாமல் அலறிக்கொண்டே இருந்தது. மன்னரே அதை அணைத்தார்.

பிச்சாண்டி தன் சின்னப் பெட்டியில் அந்தக் கம்பியைச் செருகினார். மெல்லிய குரல் ஒன்று வந்தது. "தெக்கே... கல்லுத்திட்டுக்கிட்ட... பதினேழு பேரும் உசிரோட இருக்கோம்... சீக்கிரம் வாங்க..."

மீட்புப் படகுகள் தெற்கே பறந்தன. பொழுது சாய்வதற்குள் பதினேழு பேரும் கரையேறினார்கள். மன்னர் தன் வைரக் கடுக்கனைக் கழற்றிப் பிச்சாண்டிக்குக் கொடுத்தார்.

"இரண்டு வால்வில் எப்படியப்பா?"

"முதல் வால்வுதான் எல்லாம், மகாராஜா. நாற்பது வால்வைச் சோதித்து, அதிகம் முனகாத ஒன்றை முன்னால் வைத்தேன். எந்த அலை வந்தாலும் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளும்படி ஏரியலோடு இணைத்தேன். ஐயாவின் பெட்டியில் முதல் வால்வே முனகுகிறது. பின்னால் நிற்பவை அந்த முனகலைத்தான் பயபக்தியோடு பெருக்குகின்றன."

"முனகலைப் பெருக்குகிற பெட்டி செய்யச் சூலபாணி சீமையில் எங்கேதான் கற்றார்?" என்றார் மன்னர்.

"இதற்குச் சீமை எதற்கு, மகாராஜா? நம் மந்திரிசபையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதாதா?"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே மந்திரிகளும் சிரித்தார்கள், அவரைவிடச் சத்தமாக.